மின்தடையை (ரெசிஸ்டரை) பையில் எடுத்துச் சென்றுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுச் சூரிய மின்சாரம் பற்றி உங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளை ஒன்றுவிடாமல் படித்து, வெட்டியெடுத்து ஒரு கோப்பில் சேர்த்து வருகிறேன். எத்தனை பலகை வேண்டும், எவ்வளவு சாய்வில் வைக்க வேண்டும், எந்த பேட்டரி நீண்ட நாள் உழைக்கும் என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. முழுவதுமாக அணைத்துவிட்ட ஓர் அமைப்பை மறுபடியும் எப்படி இயக்க வேண்டும் என்பது மட்டும் எதிலும் இல்லை. அது தெரியாமல் ஓர் இரவு நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் இன்னொரு வீட்டுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். என் தாயாருக்கு நுரையீரல் நோய். ஆக்சிஜன் செறிவூட்டி இரவும் பகலும் ஓடியாக வேண்டும். அது 350 வாட் இழுக்கும். மின்சாரம் நின்றால் கருவி நிற்கக் கூடாது என்பதற்காகவே பலகை, இன்வெர்ட்டர், லித்தியம் பேட்டரி மூன்றையும் பொருத்தினோம். பதினாறு செல் கொண்ட, 51.2 வோல்ட் என்று எழுதிய பேட்டரி. பொருத்திய நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. வேலை சுத்தமாகத்தான் இருந்தது. என் மனக்குறை வேறு.

பொருத்தி ஏழு மாதம் ஆகியிருக்கும். பேட்டரியின் நேர்முனையில் முடுக்கியிருந்த கேபிளின் லக், அதாவது அதன் நுனியில் உள்ள உலோக வளையம், கையால் தொட முடியாதபடி சுடுகிறது என்று என் மகன் கண்டுபிடித்தான். முடுக்கு தளர்ந்திருந்தது. அம்மாவை ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, பலகைகளின் சுவிட்சை அணைத்து, வீட்டு மின்சுமையை எல்லாம் நிறுத்தி, லக்கைக் கழற்றினோம். துடைத்து, வாஷர் மாற்றி, மறுபடியும் பொருத்துவதற்குள் அரை மணி நேரம் ஆகிவிட்டது. பேட்டரி அணைக்கப்படாமலே இருந்தது. அது எங்கள் முதல் தவறு.

மகன் லக்கை முனைக்கு அருகே கொண்டுபோனான். தொட்டதா, தொடவில்லையா என்று தெரிவதற்குள் நீலவெள்ளையாக ஒரு வெளிச்சமும், காதருகே கைதட்டியது போல் ஒரு சத்தமும். பேட்டரியின் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. அவன் கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தான். காயம் இல்லை. லக்கைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தேன். வளையத்தின் விளிம்பில் கடுகைவிடச் சிறிய குழி ஒன்று; அதன் ஓரத்தில் செம்பு உருகி வழிந்து, மறுபடியும் உறைந்த இரண்டு மணிகள்; சுற்றிலும் கரி. செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். கண் இமைப்பதற்குள் எங்கள் வீட்டு அலமாரிக்குள் அந்த வெப்பம் வந்து போயிருக்கிறது.

லக்கை முடுக்கிவிட்டு பேட்டரியின் பொத்தானை அழுத்தினோம். பச்சை வந்தது, உடனே சிவப்பு. மறுபடியும் அழுத்தினோம். மறுபடியும் சிவப்பு. பேட்டரி கெட்டுவிட்டது என்றே நினைத்தோம். அம்மாவின் சிலிண்டரில் முள் இறங்கிக்கொண்டிருந்தது. பொருத்திய இளைஞரைத் தொலைபேசியில் பிடிப்பதற்குள் இருட்டிவிட்டது. அவர் முதலில் கேட்ட கேள்வி: “டீச்சர், வீட்டில் ஏதாவது ரெசிஸ்டர் இருக்கிறதா?”

அந்தக் கேள்வியில்தான் எனக்கு நினைவு வந்தது. முதல் நாள் அவர் கேபிளை இணைப்பதற்கு முன் பையிலிருந்து பச்சை நிறக் குச்சி போன்ற ஒன்றை எடுத்து, அதன் ஒரு காலை பேட்டரி முனையிலும் மறு காலை லக்கிலும் சில வினாடிகள் தொட்டுப் பிடித்திருந்தார். பிறகு லக்கை முடுக்கிவிட்டு, குச்சியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் ஏதோ சோதனை செய்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். அந்தக் குச்சி ஒரு கம்பிச்சுற்று மின்தடை, அதாவது மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர். அவருக்குத் தெரிந்த ஒரு முக்கியமான விஷயம் அவருடைய பையோடு எங்கள் வீட்டை விட்டுப் போயிருக்கிறது. என் மனக்குறை இதுதான்.

நடந்தது என்ன என்று விளக்குகிறேன். இன்வெர்ட்டரின் பேட்டரி இணைப்புக்குப் பின்னால், மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் உருளை வடிவ மின்தேக்கிகள் வரிசையாக நிற்கும். மின்விசிறி பழுது பார்ப்பவர்கள் கண்டென்சர் என்று சொல்வது இந்த இனத்தைத்தான். பின்னர் எங்கள் இன்வெர்ட்டரைத் திறந்து காட்டியபோது எண்ணினேன்: பத்து உருளைகள், ஒவ்வொன்றிலும் 2,200 மைக்ரோஃபாரட். மொத்தம் 22,000, அதாவது 0.022 ஃபாரட். இன்வெர்ட்டர் துடிப்புத் துடிப்பாக மின்னோட்டத்தை உறிஞ்சும்போது அந்த ஏற்றத்தாழ்வைத் தாங்கி பேட்டரியைக் காப்பது இவற்றின் வேலை. ஆனால் மின்னேற்றம் இல்லாத மின்தேக்கி, இணைத்த முதல் கணத்தில் வெறும் கம்பி போலவே நடந்துகொள்ளும். பேட்டரிக்கும் அதற்கும் நடுவே இருப்பது கேபிளின் தடை, செல்களின் உள்தடை, இணைப்புகளின் தடை மட்டும். எல்லாம் சேர்ந்து 20 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டால், 53 வோல்ட்டுக்கு 2,650 ஆம்பியர். மின்னோட்டம் திடீரென்று ஏறுவதை எதிர்க்கும் தன்மையான கேபிளின் தூண்டல் அதைக் கொஞ்சம் குறைக்கும். குறைத்தாலும் ஆயிரத்தைத் தாண்டும். ஒரு மில்லி வினாடி அளவுக்குத்தான் அது நீடிக்கும், ஆனால் அவ்வளவு போதும். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று அதை ‘ஷார்ட்’ என்று எடுத்துக்கொண்டு தன்னை அணைத்துக்கொள்கிறது. எங்கள் பேட்டரியில் ஒரு கோளாறும் இல்லை. அது செய்ய வேண்டியதைத்தான் ஒவ்வொரு முறையும் செய்தது. பொத்தானை அழுத்தி அழுத்தி அதை வதைத்தது நாங்கள்.

“ஒரு பொறிதானே, எல்லா இடத்திலும் வரும்” என்று சொல்பவர்களை அதற்குப் பிறகு நிறையப் பார்த்துவிட்டேன். வகுப்பில் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய ஒரு கணக்கை அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மின்தேக்கியை நிலையான மின்னழுத்தத்தில் நேரடியாக ஏற்றும்போது, பேட்டரி கொடுக்கும் ஆற்றலில் பாதிதான் மின்தேக்கியில் சேரும், மறுபாதி வெப்பமாகிவிடும். எங்கள் வீட்டுக் கணக்கில் சேர்வது 31 ஜூல். வெப்பமாவதும் 31 ஜூல். ஒரு கிலோ எடையைத் தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் ஆற்றல் அது. நடுவில் இருக்கும் மின்தடை பெரியதானாலும் சிறியதானாலும் இந்த அளவு மாறுவதில்லை. மாணவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். சூத்திரத்தில் மின்தடையே இல்லையே டீச்சர் என்பார்கள். ஆம், இல்லை. அந்த வெப்பம் எங்கே விழுகிறது, எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்பதை மட்டுமே மின்தடை தீர்மானிக்கிறது. மின்தடை வைக்காவிட்டால் 31 ஜூலும் ஒரு மில்லி வினாடியில் லக்கின் விளிம்பிலும், பிரேக்கரின் உள்முகத்திலும், மின்தேக்கியின் உட்தகடுகளிலும் இறங்கும். அதற்கென்று செய்த ஒரு பீங்கான் உருளையை வைத்தால், ஐந்து வினாடியில் நிதானமாக அதன் உடம்பில் இறங்கும். இத்தனை ஆண்டுகள் இதைக் கற்பித்த நான், என் வீட்டு அலமாரியில் அது இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவில்லை.

பொறி விழுந்த இடத்தில் குழி விழும். குழி விழுந்த இடத்தில் தொடுபரப்பு குறையும். தொடுபரப்பு குறைந்தால் அடுத்த முறை முழுச் சுமையில் அந்த இடம் சுடும். சுட்டால் முடுக்கு மறுபடியும் தளரும். சூட்டைச் சரிசெய்யப் போன நாங்கள் அதே முனையில் சூட்டுக்குப் புதிய காரணத்தை உண்டாக்கினோம். பிரேக்கர்களிலும் ரிலேக்களிலும் இதே பொறி தொடுமுனைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடக் கூடும். ஒட்டிப்போன பிரேக்கர் ஆபத்து நேரத்தில் திறக்காது.

அன்று இரவு எங்களைக் காப்பாற்றியது ஒரு பழைய குண்டு பல்பு. ரெசிஸ்டர் இல்லை என்றதும், இழை உள்ள பல்பு இருக்கிறதா என்று அவர் கேட்டார். அறிவியல் கண்காட்சிக்காக வைத்திருந்த பெட்டியில் ஹோல்டரும் வயருமாக ஒரு 60 வாட் பல்பு கிடைத்தது. குளிர்ந்த இழையின் தடை, எரியும்போது இருக்கும் தடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இந்த வேலைக்குப் பொருத்தமான அளவுதான். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது.

லக்கை மறுபடியும் கழற்றினோம். சுமை இல்லாததால் இந்த முறை பேட்டரி பச்சையிலேயே நின்றது. பல்பின் ஒரு வயரை பேட்டரி முனையிலும் மறு வயரை லக்கிலும் பிடித்தோம். மல்டிமீட்டரை இன்வெர்ட்டரின் பேட்டரி முனைகளில் வைத்தேன். 10, 22, 35 என்று எண் ஏறியது. நாற்பதைத் தாண்டியதும் இன்வெர்ட்டரின் திரை விழித்துக்கொண்டது, உடனே எண் சரிந்தது, திரை அணைந்தது, மறுபடியும் ஏறியது. பல்பு இழை மங்கிய சிவப்பில் துடித்துக்கொண்டே இருந்தது. இன்வெர்ட்டரின் சொந்த சுவிட்சை அணைக்க மறந்திருந்தோம். மின்தேக்கி முக்கால்வாசி நிறைந்ததும் இன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்கி, பல்பு வழியே வரும் சொற்ப மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது. அந்த இடத்தில் பல்புக்குப் பதில் சிறிய மின்தடை இருந்திருந்தால் கருகியிருக்கக் கூடும். சுவிட்சை அணைத்தோம். இழை இருண்டது. எண் 51-ஐத் தொட்டு அங்கேயே நின்றது. பேட்டரியில் 53. இன்வெர்ட்டரின் உட்சுற்று சிறிது மின்னோட்டத்தை எப்போதும் எடுப்பதால் வரும் வித்தியாசம் அது. இரண்டு வோல்ட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை. பல்பின் வயரை எடுக்காமலே லக்கை முனையில் வைத்து முடுக்கினோம். சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. பேட்டரியின் விளக்கு பச்சையாகவே இருந்தது. இன்வெர்ட்டரைப் போட்டோம். அடுத்த அறையில் செறிவூட்டி தன் வழக்கமான பெருமூச்சைத் தொடங்கியபோது என் மகன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இப்போது பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே நேர்மின்னோட்டத்துக்கென்றே (டி.சி.) செய்த பிரேக்கர் ஒன்று இருக்கிறது. வீட்டுச் சுவரில் இருக்கும் மாறுமின்னோட்ட (ஏ.சி.) பிரேக்கரை இங்கே போடக் கூடாது. நேர்மின்னோட்டத்தின் பொறியை அணைக்க அதனால் முடியாது. அந்த பிரேக்கரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 47 ஓம், 25 வாட் கம்பிச்சுற்று மின்தடையும் ஓர் அழுத்துபொத்தானும், அந்தக் கிளைக்கென்று சிறிய ஃபியூஸும் இருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் தொடக்கத்தில் பாய்வது 1.1 ஆம்பியர். 47-ஐ 0.022-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1 வினாடி. மின்தேக்கி எவ்வளவு வேகமாக நிறையும் என்பதைச் சொல்லும் நேர மாறிலி அதுதான். ஐந்து மடங்கு நேரம் பிடித்திருந்தால் 99 விழுக்காடு நிறைந்துவிடும். முதல் கணத்தில் மின்தடையில் 60 வாட் வெப்பம் எழும். ஒரு வினாடியில் அது 8 வாட்டாகிவிடும். அதனால் 25 வாட் மின்தடை தாராளமாகத் தாங்குகிறது. கையை எடுத்தால் விட்டுப்போகும் பொத்தானைத்தான் வைக்க வேண்டும். போட்டால் போட்டபடி நிற்கும் சுவிட்சை வைத்துவிட்டு மறந்துபோனால் மின்தடை சுடும்.

இந்த மின்தடை இன்னொரு உபகாரமும் செய்கிறது. ஐந்து வினாடி ஆகியும் மல்டிமீட்டரில் எண் ஏறாவிட்டால், எங்கோ ஷார்ட் இருக்கிறது, அல்லது நேர்முனையும் எதிர்முனையும் மாறியிருக்கிறது. நேரடியாக இணைத்திருந்தால் அந்தத் தவறு இன்வெர்ட்டரையே எரித்திருக்கும். மின்தடை வழியே பாய்வது ஓர் ஆம்பியர் மட்டும் என்பதால் கையை எடுத்துவிட்டு நிதானமாகத் தேடலாம்.

பொருத்தித் தருபவர்கள் இதை ஏன் சொல்வதில்லை என்று யோசித்தேன். ஒப்படைக்கும் நாளில் அந்த இளைஞர் எங்கள் கண்முன்னே பேட்டரியை அணைத்து, பத்து வினாடியில் மறுபடியும் போட்டுக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. ஆகாதுதான். அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் மின்னேற்றம் சிறிது நேரம் நிற்கும். உள்ளே இருக்கும் சிறு மின்தடைகள் வழியே மெதுவாக வடியும். பத்து வினாடியில் போட்டால் அவை ஏற்கெனவே பெரும்பாலும் நிறைந்திருக்கின்றன, பொறி எழ வழியில்லை. அரை மணி கழித்துப் போட்டால் அவை காலி. ஆகவே ஒப்படைப்பு நாள் சோதனை ஒருபோதும் இந்தக் கோளாறைக் காட்டாது. பழுது பார்க்கும் நாளில், கேபிள் மாற்றும் நாளில், தொடர்ந்து வெயில் இல்லாமல் பேட்டரி முழுவதும் இறங்கித் தன்னை அணைத்துக்கொண்ட நாளில்தான் அது தலைகாட்டும். அப்போது அவர்கள் பக்கத்தில் இருக்கமாட்டார்கள்.

வடிய நேரமாகும் என்பதே இன்னொரு எச்சரிக்கையும்தான். அணைத்தாகிவிட்டதே என்று உடனே இன்வெர்ட்டரைத் திறந்து கை வைக்கக் கூடாது. அதன் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையில் எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடம் காத்திருந்து, மல்டிமீட்டரில் பார்த்த பிறகே தொட வேண்டும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எதுவும் கையில் இருக்கக் கூடாது.

சில பேட்டரிகளில் இந்த முன்மின்னேற்றம் உள்ளேயே அமைந்திருக்கிறது; பொத்தானை அழுத்தியதும் முதலில் ஒரு மின்தடை வழியாக ஏற்றி, பிறகு முழு வழியைத் திறக்கும். மின்சாரக் கார் ஒவ்வொரு முறை இயக்கப்படும்போதும் இதைத் தானாகவே செய்துகொள்கிறது. உங்கள் பேட்டரியில் அது இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு பெரிய இன்வெர்ட்டர் வரை தாங்கும் என்று கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். நூற்றுக்கணக்கான வோல்ட்டில் இயங்கும் உயர் மின்னழுத்த பேட்டரி உள்ள வீடுகளில் நான் சொன்ன பல்பு, வயர் எதையும் முயலவே கூடாது. அங்கே பயிற்சி பெற்றவர்தான் கை வைக்க வேண்டும்.

பொருத்தித் தரும் நிறுவனங்களுக்கு உங்கள் நாளிதழ் வழியாக நான் வைக்கும் வேண்டுகோள் மிகச் சிறியது. அந்த மின்தடையும் பொத்தானும் அமைப்பின் உறுப்பாக பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். மொத்தச் செலவில் அவற்றின் விலை கண்ணுக்கே தெரியாது. ஒப்படைக்கும் நாளில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அரை மணி காத்திருந்து, வீட்டில் இருப்பவர் கையாலேயே ஒருமுறை மறுபடியும் இயக்க வையுங்கள். காத்திருக்க நேரமில்லை என்றால், வரிசையையாவது எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போங்கள். எங்கள் அலமாரிக் கதவின் உட்புறம் நான் எழுதி ஒட்டியிருப்பது இது:

“பலகை சுவிட்ச் அணைந்திருக்கிறதா பார். வீட்டுச் சுமை அணைந்திருக்கிறதா பார். இன்வெர்ட்டர் சுவிட்ச் அணைந்திருக்கிறதா பார். பிரேக்கர் அணைந்திருக்கிறதா பார். பேட்டரியைப் போடு, பச்சை வர வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடி, மீட்டரைப் பார், எண் ஏறி நிற்க வேண்டும். ஏறாவிட்டால் கையை எடு, மேலே போகாதே. ஏறி நின்றால், பொத்தானை விடாமல் பிரேக்கரைப் போடு. பொத்தானை விடு. இன்வெர்ட்டரைப் போடு. பலகையைப் போடு. கடைசியில் சுமை.”

பேட்டரி சேர்ந்த பிறகே பலகையைப் போட வேண்டும் என்பது எங்கள் இன்வெர்ட்டரின் கையேட்டில் உள்ள வரிசை. உங்கள் கையேடு வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

ஆசிரியர் அவர்களே, கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் எங்கள் வீட்டுக் கதையில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். கதவில் ஒட்டியிருக்கும் அந்த வரிசையை மட்டும் முழுதாக வெளியிட வேண்டுகிறேன். வாசகர்கள் அதை வெட்டியெடுத்துத் தங்கள் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை ஒருவர்